ஒரு டாலர் வண்டு

1946, 1947ஆம் ஆண்டுகளில் கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் ஆரஞ்சு விவசாயிகள் ஒரு பொறிவண்டுக்கு ஒரு டாலர் வரை விலை கொடுத்தார்கள். மிளகைவிடச் சிறிய வண்டு அது. சிவப்பு முதுகில் கறுப்புத் திட்டுகள். அதற்கு முன் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதே வண்டு அந்த மாநிலத்துத் தோட்டங்களில் யாரும் கூப்பிடாமலே, கூலி இல்லாமலே வேலை செய்துகொண்டிருந்தது. அப்படி ஒன்று இருப்பதே பலருக்கு மறந்துவிட்டது. போர் முடிந்த கையோடு டி.டி.டி. தோட்டத்துக்குள் வந்தது. வண்டு செத்தது. வண்டு தின்றுகொண்டிருந்த பூச்சி மரங்களை மூடியது. அதன் பிறகுதான் வண்டின் மதிப்பு தெரிந்தது.

எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடித் தோட்டங்களின் பூச்சி மேலாண்மை என்றால் எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து, பத்து லிட்டர் தண்ணீருக்கு எத்தனை மில்லி என்ற அட்டவணைதான் நம் கண்முன் வரும். அந்த அட்டவணையில் ஒரு கேள்விக்கு இடமே இருப்பதில்லை. இதை அடித்தால் நமக்காக உழைக்கும் எந்தப் பூச்சி சாகும்? கலிஃபோர்னியா இந்தக் கேள்வியைக் கேட்க மறந்து, அரை நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு முறை, அதே வண்டை, அதே பள்ளத்தாக்கில் இழந்தது. உலகின் வேறெந்தத் தோட்டப் பயிரிலும் இவ்வளவு தெளிவாகப் பதிவான பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பார்சல்

1868ஐ ஒட்டி, சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே மென்லோ பார்க் என்ற ஊரின் அக்கேசியா மரங்களில் ஒரு புதுப் பூச்சி தென்பட்டது. பெண் பூச்சி கிளையோடு ஒட்டி அமர்ந்து சாறு உறிஞ்சும். உடம்பின் பின்பக்கத்தில், நீளவாட்டில் வரிவரியாக, ஒரு வெண்மெழுகுப் பையை வளர்த்து அதற்குள் நூற்றுக்கணக்கில் சிவந்த முட்டைகளை இடும். ஆண் பூச்சி மிக அரிது. பெண்ணாகத் தோன்றும் உடலுக்குள்ளேயே இரு பாலும் இருப்பதால், காற்றில் மிதந்து வந்த ஒரே ஒரு குஞ்சு மரத்தில் விழுந்தால் போதும், அங்கே ஒரு கூட்டம் பெருகிவிடும். அறிவியலார் ஐசெரியா பர்ச்சேசி என்று பெயரிட்ட இதைப் பஞ்சுச் செதிள்பூச்சி என்று சொல்லலாம்.

இருபது ஆண்டுகளுக்குள் அது லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்து ஆரஞ்சுத் தோட்டங்களை முடக்கிப் போட்டது. சாறு போனது ஒரு பக்கம். பூச்சி வெளியேற்றிய இனிப்புக் கழிவில் கரும்பூசணம் படர்ந்து இலையெல்லாம் கறுத்தது மறுபக்கம். சோப்புக் கரைசல், மண்ணெண்ணெய்க் கரைசல் எதுவும் எடுபடவில்லை. மரத்தையே கூடாரம்போட்டு மூடி உள்ளே சயனைடு புகை செலுத்தும் முறையை 1886இல் டி. டபிள்யூ. காக்கிலட் உருவாக்கினார். அதுவும் செலவுக்குக் கட்டவில்லை. பலர் மரங்களை வெட்டி எரித்தார்கள்.

அமெரிக்க வேளாண்துறையின் பூச்சியியல் பிரிவுத் தலைவராக இருந்த சார்லஸ் ரைலி வேறு திசையில் யோசித்தார். இந்தப் பூச்சியின் தாயகம் ஆஸ்திரேலியா என்றால், அங்கே அது ஏன் யாருக்கும் தொல்லையாக இல்லை? அங்கே அதைத் தின்னும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்துக் கொண்டுவரலாம். இன்று இது எளிய தர்க்கமாகத் தெரிகிறது. அன்று வேளாண்துறைப் பூச்சியியலாளர்கள் அரசுச் செலவில் வெளிநாடு போகவே தடை இருந்தது. 1888இல் மெல்போர்னில் நடந்த சர்வதேசக் கண்காட்சிக்கு அமெரிக்கா அனுப்பிய குழுவில் ஒருவராக, வெளியுறவுத் துறையின் பணத்தில், ஆல்பர்ட் கோபெலி என்பவரை ரைலி அனுப்பிவைத்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் கோபெலி சான் பிரான்சிஸ்கோவில் கப்பலேறினார்.

அவர் தேடிப்போனது வண்டை அல்ல. அடிலெய்டில் ஃப்ரேசர் கிராஃபோர்ட் என்பவர் இந்தச் செதிள்பூச்சியின் உடலுக்குள் வளரும் ஒரு சின்ன ஈயை முன்பே கண்டிருந்தார். ரைலியின் நம்பிக்கையெல்லாம் அந்த ஈயின் மீதுதான். கோபெலி ஈயை ஆயிரக்கணக்கில் அனுப்பினார். கூடவே, அக்டோபரில் அடிலெய்டின் ஒரு தோட்டத்தில் செதிள்பூச்சியைத் தின்றுகொண்டிருந்த ஒரு பொறிவண்டையும் கவனித்தார். நவம்பர் 30ஆம் தேதி கலிஃபோர்னியாவுக்கு வந்து சேர்ந்த முதல் பார்சலில் உயிரோடு இருந்தவை 28 வண்டுகள். அடுத்தடுத்து வந்தவற்றையும் சேர்த்து ஜனவரி முடிவில் 129. லாஸ் ஏஞ்சலிஸில் வுல்ஃப்ஸ்கில் குடும்பத்தின் தோட்டத்தில் கூடாரத்துணி போர்த்திய ஒரு ஆரஞ்சு மரத்தில் காக்கிலட் அவற்றை விட்டார். சயனைடு புகைக்காகத் தைத்த கூடாரத்தின் வேலை இப்போது வண்டு வளர்ப்பது.

ஏப்ரலில் அந்த மரத்தில் செதிள்பூச்சியே இல்லை. கூடாரத்தின் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டார்கள். ஜூன் பாதிக்குள் அந்த ஒரு தோட்டத்திலிருந்து 10,555 வண்டுகள் 208 விவசாயிகளுக்குப் போயிருந்தன. அவரவர் தோட்டத்தில் விட்டதும் அங்கேயும் அதுவே நடந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியிலிருந்து ரயிலேறிய ஆரஞ்சு ஒரே ஆண்டில் 700 வேகன்களிலிருந்து 2,000 வேகன்களாக உயர்ந்தது. விவசாயிகள் நன்றியோடு கோபெலிக்குத் தங்கக் கடிகாரமும், அவர் மனைவிக்கு வைரத் தோடும் பரிசளித்தார்கள்.

அந்த வண்டுக்கு ரொடோலியா கார்டினாலிஸ் என்று பெயர். விவசாயிகளுக்கு அது அன்றும் இன்றும் வெடாலியா. ஏன் இதற்கு மட்டும் இவ்வளவு வெற்றி என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தாய் வண்டு செதிள்பூச்சியின் மேலும் அதன் முட்டைப் பையின் மேலுமே முட்டையிடுகிறது. பொரிந்த புழு பையைக் குடைந்து உள்ளே போய் நூற்றுக்கணக்கான முட்டைகளுக்கு நடுவே அமர்ந்து தின்கிறது. வெயில் காலத்தில் முட்டையிலிருந்து வண்டாவதற்கு ஒரு மாதம்கூட ஆவதில்லை. வேறு பூச்சிகளை அது ஏறக்குறையத் தொடுவதே இல்லை என்பதால், தோட்டத்தில் மிச்சம் மீதியாக ஒளிந்திருக்கும் செதிள்பூச்சிகளைத் தேடிக் கண்டுபிடிப்பதைத் தவிர அதற்குப் பிழைப்பு கிடையாது. ஒன்றையே தின்பது, விரைவாகப் பெருகுவது, இரை குறைந்தாலும் விடாமல் தேடுவது என்ற மூன்றும் ஒரு பூச்சியில் சேர்வது அபூர்வம். கோபெலியே 1891இல் மறுபடி பயணம் போய்ப் பல வகைப் பொறிவண்டுகளை அனுப்பினார். அவற்றில் பெரும்பாலானவை நிலைக்கவில்லை. மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலீமஸ் போன்ற சிலவே மிஞ்சின. பொறிவண்டு என்றாலே போதும் என்று நினைத்தவர்களுக்கு அது நல்ல எச்சரிக்கை.

ரைலி நம்பிய ஈயும் வீண்போகவில்லை. கடலோரக் கலிஃபோர்னியாவில் பஞ்சுச் செதிள்பூச்சியை அடக்கி வைப்பதில் அந்த ஈக்குப் பெரிய பங்கு இருக்கிறது. வெப்பம் மிகுந்த உள்நாட்டில் ஆட்சி வண்டுடையது.

மருந்து யாரை முதலில் கொல்கிறது?

போருக்குப் பின் டி.டி.டி. விவசாயத்துக்கு வந்தபோது ஆரஞ்சுத் தோட்டங்களில் இலைப்பேனையும் வேறு சில செதிள்பூச்சிகளையும் குறிவைத்துத்தான் அடித்தார்கள். பஞ்சுச் செதிள்பூச்சியைப் பற்றி அப்போது யாருக்கும் கவலை இல்லை. அதுதான் கண்ணிலேயே படவில்லையே. டி.டி.டி. அந்தப் பூச்சியைப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. வெடாலியாவை மட்டும் துடைத்தெடுத்தது. அடுத்த பருவத்தில் மரங்கள் வெள்ளையாயின. டி.டி.டி. அடிப்பதை நிறுத்தி, வண்டுகளைத் தேடி வாங்கி மறுபடி விட்ட பிறகே தோட்டங்கள் மீண்டன.

ஏன் இப்படி ஆகிறது? செதிள்பூச்சி ஒரே இடத்தில் மெழுகுக்கும் ஓட்டுக்கும் அடியில் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தின்ன வரும் வண்டும் குளவியும் இலை இலையாக நடந்து தேட வேண்டும். மருந்து படிந்த பரப்பில் அதிக தூரம் நடப்பவர் அதிக நஞ்சை வாங்குகிறார். மருந்துக்குத் தப்பிய செதிள்பூச்சிக்கு மரம் முழுக்கச் சாப்பாடு. தப்பிய வண்டுக்கோ இரை இல்லை. அது பட்டினியில் போகிறது. ஆகவே மருந்து வீரியம் குறைந்ததும் முதலில் பெருகுவது தீமை செய்யும் பூச்சிதான். இரண்டாவது முறை மருந்து அடிக்க வேண்டிய கட்டாயத்தை முதல் முறை அடித்த மருந்தே உண்டாக்குகிறது.

இதை ஊகமாக விடாமல் சோதனையால் நிறுவியவர் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் இருந்த பால் டிபாக். அவர் செய்தது துணிச்சலான காரியம். சில மரங்களில் செதிள்பூச்சியைக் கொல்லாத அளவுக்கு மெலிதாக டி.டி.டி.யைத் திரும்பத் திரும்ப அடித்தார். பக்கத்து மரங்களைத் தொடவில்லை. மருந்து அடித்த மரங்களில் சிவப்புச் செதிள்பூச்சி என்ற வேறொரு வகை பல மடங்கு பெருகி மரத்தைக் காயவைத்தது. தொடாத மரங்கள் பச்சையாக நின்றன. பூச்சிமருந்தைக் கொண்டே இயற்கை எதிரிகளின் மதிப்பை அளந்தார் அவர்.

1959இல் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன் ஆகிய நால்வர் எழுதிய கட்டுரை இந்த அனுபவங்களுக்கெல்லாம் ஒரு வடிவம் கொடுத்தது. பூச்சியைப் பார்த்த உடனே அடிக்காதே, அது உண்டாக்கும் நஷ்டம் அதைத் தடுக்கும் செலவைத் தாண்டும் நிலை வரும்போது மட்டும் தலையிடு என்றார்கள். அதில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு உட்பொருள் உண்டு. பூச்சியே இல்லாத தோட்டத்தில் அதன் எதிரியும் இருக்க முடியாது. கொஞ்சம் செதிள்பூச்சி இருந்தால்தான் வெடாலியா அங்கே குடியிருக்கும். அந்தக் கொஞ்சத்தைச் சகித்துக்கொள்ளும் மனம் விவசாயிக்கு வேண்டும். கடன் வாங்கிப் பயிர் செய்பவருக்கு அது எளிதல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஓட்டுக்கு அடியில் ஒரு குளவி

டிபாக்கின் சோதனையில் பெருகிய சிவப்புச் செதிள்பூச்சி, பஞ்சுச் செதிள்பூச்சியைப் போலப் பஞ்சுப்பை காட்டாது. கடுகைவிடச் சிறிய, தட்டையான செம்பழுப்பு ஓட்டுக்கு அடியில் கிடக்கும். பழத்தின் தோலிலும் அமர்வதால் சந்தையில் விலை போகாது. இதற்கு எதிராகக் கிடைத்த கருவி, ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட எட்டாத மஞ்சள் குளவி. பெயர் அஃபைடிஸ் மெலினஸ்.

இந்தக் குளவி வேலை செய்யும் விதம் ஆச்சரியமானது. பெண் குளவி செதிள்பூச்சியின் ஓட்டின் மேல் ஏறி உணர்கொம்புகளால் தட்டித் தட்டி நடந்து அளவெடுக்கும். பிறகு முட்டையிடும் ஊசியால் ஓட்டைத் துளைத்து, உள்ளே இருக்கும் பூச்சியைச் செயலிழக்கச் செய்து, அதன் உடல்மேல் முட்டையிடும். பூச்சி பெரிதாக இருந்தால் பெண் குஞ்சு, சிறிதாக இருந்தால் ஆண் குஞ்சு. குளவி இனத்தில் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். ஆகவே எதை எங்கே இடுவது என்பது தாயின் கையில் இருக்கிறது. மகள் வளர அதிகச் சாப்பாடு வேண்டும் என்பது அதன் கணக்கு.

இந்தக் கணக்கு ஒரு ஆட்சி மாற்றத்தையே உண்டாக்கியது. 1948இல் சீனாவிலிருந்து வந்த அஃபைடிஸ் லிங்னனென்சிஸ் என்ற குளவி தென் கலிஃபோர்னியாவில் பரவி, அதற்கு முன்பே அங்கே இருந்த உறவினத்தை ஓரங்கட்டியது. 1957இல் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் டிபாக் கொண்டுவந்த மெலினஸ், சில ஆண்டுகளுக்குள் உள்நாட்டு மாவட்டங்களில் லிங்னனென்சிஸை ஓரங்கட்டியது. லிங்னனென்சிஸ் பெண் முட்டை இடத் தயங்கும் சிறிய செதிள்பூச்சியிலும் மெலினஸ் பெண் முட்டை இடும் என்பது பின்னாளில் தெரிந்த காரணம். அந்தச் சிறிய வித்தியாசத்தால் மெலினஸ் தன் போட்டியாளருக்கு முன்பே இரையைப் பிடித்துக்கொள்கிறது.

இன்று இந்தக் குளவியைப் பண்ணைகளில் வளர்க்கிறார்கள். பரங்கிக்காய் வகை ஒன்றின்மேல் அரளிச் செதிள்பூச்சியை வளர்த்து, அதில் குளவியைப் பெருக்கி, தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய் விடுகிறார்கள். வென்சுரா கவுண்டியில் ஃபில்மோர் ஊரின் விவசாயிகள் 1922இலேயே தங்களுக்குள் ஒரு பாதுகாப்பு மாவட்டம் அமைத்து, ஏக்கர் கணக்கில் பணம் போட்டு, சொந்தமாக நன்மை செய்யும் பூச்சிகளை வளர்க்கும் கூடம் நடத்தினார்கள். எனக்கு இந்த முழு வரலாற்றிலும் மிகவும் பிடித்தது இதுதான். பூச்சி வேலி தாண்டும். ஆகவே அதற்கு எதிரான ஏற்பாடும் வேலி தாண்டியதாக இருக்க வேண்டும் என்று அந்த விவசாயிகள் தாங்களாகவே கண்டுகொண்டார்கள்.

குளவியை விட்டுவிட்டு, எறும்பைக் கவனிக்காவிட்டால் பணம் வீண். செதிள்பூச்சி, மாவுப்பூச்சி, அசுவினி வெளியேற்றும் இனிப்புக்காக எறும்பு வருகிறது. மாடு மேய்ப்பவன் மந்தையைக் காப்பது மாதிரி அது அந்தப் பூச்சிகளைக் காத்து நின்று, முட்டையிட வரும் குளவியை விரட்டுகிறது. கலிஃபோர்னியாவில் அர்ஜென்டினா எறும்பு இதில் பேர்போனது. மரத்தின் தாழ்ந்த கிளைகள் தரையைத் தொடாமல் இரண்டடிக்கு மேல் கவாத்து செய்து, அடிமரத்தில் ஒட்டுப்பட்டை கட்டி எறும்பை நிறுத்தினாலே, வேறெதுவும் செய்யாமல் செதிள்பூச்சி குறைகிறது. புழுதியும் அப்படித்தான். தூசி படிந்த இலையில் குளவியால் நடந்து தேட முடியாது. தோட்டத்துச் சாலையோர வரிசைகளில் செதிள்பூச்சி அதிகமாக இருப்பதற்கு வண்டிகள் கிளப்பும் புழுதி ஒரு காரணம்.

எறும்பு எப்போதும் எதிரி என்று சொல்லிவிடவும் முடியாது. கி.பி. 304ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும், ஜி ஹான் எழுதிய சீனத் தாவரநூல், தென்பகுதி மக்கள் ஆரஞ்சு மரங்களுக்காக எறும்புக் கூடுகளைச் சந்தையில் விலைக்கு வாங்கியதைப் பதிவு செய்கிறது. இலையும் நூலும் சேர்த்துப் பின்னிய அந்தக் கூடுகளைக் கிளையோடு வெட்டி, கோரைப்பையில் கட்டி விற்றார்கள். எறும்பு மரத்துக்கு மரம் போக மூங்கில் பாலம் கட்டும் வழக்கமும் பின்னர் வந்தது. உலகில் பதிவான மிகப் பழைய உயிரியல் கட்டுப்பாடு இதுதான். அந்த எறும்பு வேறெதுவும் இல்லை, நம் ஊர் மாமரத்தில் ஏறினால் கடித்துவைக்கும் முசுறுதான். கம்பளிப்புழுவையும் நாவாய்ப்பூச்சியையும் அது தூக்கிக்கொண்டு போகும்; அதே சமயம் மாவுப்பூச்சியை வளர்க்கவும் செய்யும். எந்தத் தோட்டத்தில் எந்தப் பூச்சி பெரிய தொல்லை என்பதைப் பொறுத்தே அது நண்பனா எதிரியா என்று சொல்ல முடியும்.

யாருக்கு மென்மையான மருந்து?

சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் பல்லாண்டுகள் மருந்து அடித்து அடித்து, 1990களில் சிவப்புச் செதிள்பூச்சி குளோர்பைரிஃபாஸ் வகை மருந்துகளுக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது. மாற்றாக 1998இல் இரண்டு புதிய மருந்துகளுக்கு அவசர அனுமதி கிடைத்தது. ஒன்று பைரிபிராக்ஸிஃபென். மற்றது, நம் நெல் வயல்களில் புகையானுக்கு அடிக்கும் புப்ரோஃபெசின். பூச்சியின் வளர்ச்சியைக் குலைப்பதே இவற்றின் வேலை. மனிதருக்கு ஆபத்து குறைவு, வளர்ந்த குளவிக்குத் தொல்லை குறைவு, தேனீக்கும் அப்படியே. மென்மையான மருந்து என்று எல்லோரும் வரவேற்றதில் தவறில்லை.

1999இல் பஞ்சுச் செதிள்பூச்சி மறுபடியும் மரங்களை மூடியது. பைரிபிராக்ஸிஃபென் பூச்சியின் இளமை ஹார்மோனைப் போல நடிக்கும் பொருள். புழுவாக இருந்து கூட்டுப்புழுவாகி முழு உருவமாற்றம் அடையும் வண்டுக்கு அந்த ஹார்மோன் சரியான நேரத்தில் அடங்கியாக வேண்டும். அடங்காவிட்டால் முட்டை பொரியாது, புழு வண்டாகாது. வெடாலியா அப்படித்தான் அழிந்தது. லிண்ட்கோவ் ஆய்வு மையத்தில் பெத் கிராஃப்டன்-கார்ட்வெல் செய்த சோதனைகள், இந்த இரண்டு மருந்துகளோடு இமிடாகுளோபிரிடும் வெடாலியாவைப் பாதிக்கிறது என்று காட்டின. நஞ்சேறிய செதிள்பூச்சியைத் தின்றும் வண்டு சாகிறது.

ஆகவே ஒரு மருந்தைப் பொதுவாக நல்லது, கெட்டது என்று பிரிப்பதில் பயனில்லை. உன் தோட்டத்தில் எந்த நன்மைப்பூச்சி வேலை செய்கிறது, அதற்கு இது என்ன செய்யும் என்பதே கேள்வி. தாவரங்களுக்குப் பாதுகாப்பான மெல்லிய பெட்ரோலிய எண்ணெய்த் தெளிப்பு செதிள்பூச்சியின் மூச்சை அடைத்துக் கொல்கிறது. காய்ந்த பிறகு நஞ்சு எதையும் விட்டுவைப்பதில்லை. நாளை வரும் குளவிக்கு அதனால் ஆபத்தில்லை. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியா மருந்து அதைத் தின்னும் கம்பளிப்புழுவை மட்டுமே கொல்கிறது. இவை வேகமானவை அல்ல, முழுவதுமாகத் துடைப்பவையும் அல்ல. துடைக்காமல் இருப்பதே இவற்றின் பலம்.

கணக்கு மாறும் இடம்

இதுவரை சொன்னதெல்லாம் சாறு உறிஞ்சிச் சேதம் செய்யும் பூச்சிகளுக்குப் பொருந்தும். நோயைச் சுமந்துவரும் பூச்சிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. சிட்ரஸ் சில்லா என்ற சிறிய பூச்சி கொழுந்தில் மட்டும் முட்டையிடுகிறது. அதன் வாயிலிருந்து மரத்துக்குள் போகும் பாக்டீரியா கிரீனிங் நோயை உண்டாக்குகிறது. இலையில் ஒழுங்கில்லாத மஞ்சள் திட்டு, கோணலாகிப் பச்சையாகவே நிற்கும் கசப்புப் பழம், பிறகு மரத்தின் சாவு. மருந்து கிடையாது. ஃப்ளோரிடாவில் இந்தப் பூச்சி 1998இலும் நோய் 2005இலும் கண்டறியப்பட்டன. 2003-04இல் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த மாநிலத்தில் 2022-23இல் 2 கோடிப் பெட்டிகூட விளையவில்லை. புயல்களுக்கும் அதில் பங்கு உண்டு. முதல் காரணம் இந்த நோய்.

நூறு சில்லா இருந்தால் பொறுத்துக்கொள் என்று இங்கே சொல்ல முடியாது. நோய் சுமக்கும் ஒன்று போதும். ஆகவே நோய் பரவிய இடத்தில் மருந்தே வேண்டாம் என்பது பொறுப்பில்லாத பேச்சு. மருந்தை எப்போது, எப்படி என்பதில்தான் அறிவு இருக்கிறது. மரத்தில் கொழுந்து இல்லாத குளிர்காலத்தில், வளர்ந்த சில்லாக்கள் மட்டும் எஞ்சியிருக்கும்போது, ஒரு வட்டாரத்து விவசாயிகள் அனைவரும் ஒரே சமயத்தில் அடித்தால், குறைந்த முறை அடித்து அதிகப் பலன் பெறலாம். கொழுந்து விடும் காலத்தில் குளவிக்கு வழிவிடலாம்.

அந்தக் குளவியின் பெயர் டமாரிக்ஸியா ரேடியேட்டா. சில்லாவின் இளம்பருவத்துக்கு அடியில் முட்டையிடுகிறது. முட்டையிடாத நேரத்தில் அவற்றைக் குத்தி உடல்நீரைக் குடிக்கிறது. ஒரு பெண் குளவி தன் ஆயுளில் சில நூறு சில்லாக்களைத் தீர்த்துவிடும். 2008இல் சில்லா கலிஃபோர்னியாவுக்குள் நுழைந்ததும் ரிவர்சைடைச் சேர்ந்த மார்க் ஹாடில் பாகிஸ்தானின் பஞ்சாபுக்குப் போய் இந்தக் குளவியைச் சேகரித்துவந்தார். 2011 டிசம்பரில் முதல் குளவிகள் விடப்பட்டன. தோட்டங்களைவிட, மருந்து அடிக்க முடியாத வீட்டுக் கொல்லைகளின் எலுமிச்சை மரங்களில் அது அதிகம் உதவியது. அங்கேயும் எறும்பைக் கட்டுப்படுத்திய மரங்களில் குளவியின் வேலை நன்றாக நடந்தது.

நம் பக்கத்துக் குளவிகள்

அஃபைடிஸ் மெலினஸ் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் போனது. டமாரிக்ஸியா, ஃபைசலாபாத் என்று இப்போது அழைக்கப்படும் லயல்பூரில் 1920களிலேயே முதன்முதலாக விவரிக்கப்பட்டது. மெக்சிகோவின் சிட்ரஸ் தோட்டங்களைக் கறுப்பு ஈ அழித்தபோது, 1949-50இல் ஹெர்பர்ட் ஸ்மித் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் இந்தத் துணைக்கண்டத்தில் தேடி எடுத்துப்போன குளவிகள்தான் அதை அடக்கின. எலுமிச்சைக் குடும்பத்தின் பல இனங்கள் இமயமலை அடிவாரத்தை ஒட்டிய நிலங்களில் தோன்றியவை. மரம் பழையதாக இருக்கும் இடத்தில் அதன் பூச்சிகளும் பழையவை. அந்தப் பூச்சிகளின் எதிரிகளும் பழையவை. மற்ற நாட்டவர் கப்பலிலும் விமானத்திலும் வந்து தேடி எடுத்துப்போகும் செல்வம் இந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கிறது.

வெளியிலிருந்து வந்த பூச்சிக்கு நாமும் வெளியே போய் எதிரியைக் கொண்டுவந்திருக்கிறோம். 1928இல் பஞ்சுச் செதிள்பூச்சி நீலகிரியின் வாட்டில் மரங்களில் தென்பட்டது. சில ஆண்டுகளுக்குள் கலிஃபோர்னியாவிலிருந்தும் எகிப்திலிருந்தும் வெடாலியா தருவிக்கப்பட்டு அங்கே விடப்பட்டது. நீலகிரியில் அது நிலைத்து, பூச்சியை அடக்கியது. கிரிப்டோலீமஸ் அதற்கும் முன்பே, 1898இல், காப்பித் தோட்டங்களுக்காக இந்தியா வந்து தங்கிவிட்டது. மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளை மெழுகிழைகளைப் போர்த்திக்கொண்டு திரியும் அதன் புழுவை, மாவுப்பூச்சி என்று தவறாக நினைத்து நசுக்குபவர்களும் மருந்து அடிப்பவர்களும் இன்றும் உண்டு.

புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை வைத்திருப்பவர்களுக்கும், கொடைக்கானல் மலையடிவாரத்திலும் ஏற்காட்டிலும் ஆரஞ்சு வைத்திருப்பவர்களுக்கும் இதிலிருந்து சில காரியங்களைச் சொல்லலாம். கொழுந்தில் வெள்ளிக்கோடு போல வளைந்து ஓடும் இலைத்துளைப்பானின் தடத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். வளர்ந்த மரத்தில் அதனால் மகசூல் குறைவதில்லை. இளங்கன்றுக்கு மட்டும் கவனம் வேண்டும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு, முதலில் பறவை எச்சத்தைப் போலவும் பிறகு பச்சையாகவும் இருக்கும்; கன்றுகளில் அதைக் கையால் பொறுக்கிப் போடுவது மருந்தைவிட மலிவு. நோயில்லாத நாற்றங்காலிலிருந்து மட்டும் கன்று வாங்குங்கள். கிரீனிங் நோய் தோட்டத்துக்குள் வருவதற்கு நாமே திறந்துவிடும் பெரிய கதவு அதுதான். பூ மலர்ந்திருக்கும் நாட்களில் தேனீ வரும் பகல் நேரத்தில் எந்த மருந்தும் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, மருந்துக் கடைக்குப் புறப்படும் முன் ஒரு கைலென்ஸை எடுத்துக்கொண்டு பத்து மரங்களில் பாருங்கள். செதிள்பூச்சியின் ஓட்டில், அசுவினியின் ஊதிப்போன உடலில், சில்லாவின் காய்ந்த கூட்டில் ஊசிமுனை அளவுக்கு வட்டமான துளை இருந்தால், அங்கிருந்து ஒரு குளவி பிறந்து பறந்துபோயிருக்கிறது என்று பொருள். அப்படித் துளைகள் நிறைய இருந்தால் அந்த வாரம் மருந்து அடிக்காதீர்கள். எறும்பை நிறுத்திவிட்டு, பத்து நாள் கழித்து அதே மரங்களை மறுபடி பாருங்கள். அதற்குப் பிறகும் பூச்சி கூடிக்கொண்டே போனால் அப்போது மருந்தைப் பற்றி யோசிக்கலாம். அதையும் பூச்சி இருக்கும் மரத்துக்கு மட்டும் அடியுங்கள்.